கணினித் திரை சிமிட்டுகிறதா? கடைக்குத் தூக்கிப் போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

புக்கிட் ரம்பாய் - பிள்ளையின் யூபியு விண்ணப்பத்தை நிரப்பும் வாரத்திலோ, வருமான வரி இ-ஃபைலிங் முடியப்போகும் நாளிலோதான் கணினித் திரை சிமிட்டத் தொடங்கும். பதற்றத்தில் அதைத் தூக்கிக்கொண்டு தஞ்சோங் மின்யாக்கிலோ மலாக்கா ராயாவிலோ உள்ள கடைக்கு ஓடுகிறோம். "ஸ்கிரீன் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொன்னால் சில நூறு ரிங்கிட் போய்விடும். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு அது சின்னத் தொகை அல்ல.

ஆனால் திரை சிமிட்டினால் திரைதான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. தளர்ந்த கேபிள், புதிதாக இறங்கிய டிரைவர், ஒத்துப்போகாத ஒரு செயலி, வீட்டு மின்சாரம் ஆகிய நான்கில் எதுவும் அதே சிமிட்டலைக் கொடுக்கும். எது காரணம் என்பதை ஏறக்குறைய அரை மணி நேரத்தில், திருப்புளியைக் கையில் எடுக்காமலேயே கண்டுபிடிக்கலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பாடம் வீட்டுக்கு வந்த காலத்தில் வாங்கிய மடிக்கணினிகள்தான் பல வீடுகளில் இன்னமும் ஓடுகின்றன. அவற்றின் உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. மூடித் திறந்து மூடித் திறந்து மூட்டும் தேய்ந்திருக்கும்.

முதலில் என்ன நடக்கிறது என்று சரியாகப் பாருங்கள்

நம் வழக்கில் எல்லாவற்றுக்கும் "ஸ்கிரீன் ஆடுது" என்று ஒரே சொல்தான். உண்மையில் அது மூன்று நான்கு வேறு வேறு கோளாறுகள். ஒளி கூடிக் குறைவது ஒன்று. படம் முழுவதும் மறைந்து ஓரிரு விநாடியில் திரும்புவது இன்னொன்று. குறுக்கே கோடு விழுவது வேறு. ஒரு சன்னல் மட்டும் படபடப்பது முற்றிலும் வேறு. கடைக்காரர் மலாய்க்காரராக இருந்தால் 'பெர்கெலிப்' என்றால் சிமிட்டுகிறது, 'அடா காரிஸ்' என்றால் கோடு விழுகிறது, 'கெலாப்' என்றால் இருண்டுவிட்டது என்று புரிந்துகொள்வார். எதைச் சொல்கிறோமோ அதற்கேற்றாற்போல்தான் அவர் முதலில் தேடுவார். கைப்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கடையில் போட்டால் சிமிட்டாமல் சமர்த்தாக இருக்கும் கணினிகள் உண்டு!

விண்டோசா, வன்பொருளா?

முதல் சோதனை இது. கணினியை முழுவதுமாக நிறுத்தி, மறுபடி தட்டியதும் எஃப்2 விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். சில மாடல்களில் அது டெலீட் அல்லது எஃப்10 ஆக இருக்கும். பயாஸ் எனப்படும் அமைப்புத் திரை வரும். அதில் எதையும் மாற்ற வேண்டாம்; ஐந்து நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். விண்டோஸ் இன்னும் எழாத நேரம் அது. அங்கேயும் சிமிட்டினால் விண்டோசைத் திரும்பப் போடுவதில் பயனில்லை. கோளாறு கேபிள், திரை, மின்சாரம் அல்லது கணினியின் வரைகலைப் பகுதியில் இருக்கிறது. அங்கே அமைதியாக இருந்து, விண்டோஸ் வந்த பிறகு மட்டும் சிமிட்டினால் பெரும்பாலும் மென்பொருள்தான் காரணம்.

மென்பொருள் என்று தெரிந்தால் அடுத்த சோதனை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பரிந்துரைப்பது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பின்னால் உள்ள எல்லாம் சிமிட்டும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து சிமிட்டுகிறதா, அது மட்டும் அசையாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். சேர்ந்து சிமிட்டினால் திரையை இயக்கும் டிரைவரில் பிரச்சினை. அது மட்டும் நின்றால் ஏதோ ஒரு செயலி ஒத்துப்போகவில்லை. இந்த ஒரு சோதனைக்காகவே இக்கட்டுரையைச் சேமித்து வைக்கலாம்.

டிரைவர்மேல் சந்தேகம் என்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். வரைகலை டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலை பொதுவாக அழியாது. அதில் நிற்கவில்லையானால், சிமிட்டல் எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து என்றால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதிக்குப் போய், பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழையது கணினியில் இல்லை என்று பொருள். உங்கள் கணினி தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். 'இலவச டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வருவதை மட்டும் தொடாதீர்கள்.

செயலி என்று தெரிந்தால், கடைசியாகப் போட்டதை நீக்கிப் பாருங்கள். குரோமில் காணொளி பார்க்கும்போது மட்டும் சிமிட்டினால், அதன் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் உள்ள கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டு மறுபடி திறக்கலாம். இதில் தீரும் வீடுகள் உண்டு.

சேஃப் மோடில் போய்ப் பார்ப்பதும் ஒரு வழி. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான வழி திறக்கும். ஆனால் சில மடிக்கணினிகள் அப்போது பிட்லாக்கர் மீட்புச் சாவி என்று 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திரை முழுக்கச் சிவப்பாக மின்னி, "உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வந்தால் அது கோளாறு அல்ல, மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் தொலைபேசி எண் போடுவதில்லை. டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை மூடுங்கள். ஏற்கெனவே அழைத்துப் பணம் கொடுத்துவிட்டிருந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

கேபிளும் மூட்டும்

வன்பொருள் என்று தெரிந்தாலும் நேரே திரையைக் குறை சொல்ல வேண்டாம். மேசைக் கணினியானால் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, அழுத்தமாகத் திரும்பச் செருகுங்கள். பழைய நீல நிற விஜிஏ கேபிளில் இரு பக்கமும் திருகாணி இருக்கும். அதை யாரும் முடுக்குவதே இல்லை. அடுத்து வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். அண்டை வீட்டு தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஐந்து நிமிடம் இரவல் வாங்கினால் அதுவும் மிச்சம்.

மானிட்டரைத் தனியாகச் சோதிக்க எளிய வழி: கணினியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, மானிட்டரின் சொந்தப் பொத்தானை அழுத்துங்கள். சமிக்ஞை இல்லை என்ற அறிவிப்போ அதன் பட்டியலோ தோன்றும். அந்த எழுத்தும் சிமிட்டினால் கோளாறு மானிட்டரிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோதான். கணினியைப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டியதில்லை.

மடிக்கணினியில் பெரும்பாலும் சிக்கல் மூட்டில். திரைக்குப் போகும் மெல்லிய கேபிள் மூட்டின் வழியாகத்தான் செல்கிறது. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் சிமிட்டி, இன்னொரு கோணத்தில் நின்றால் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும், திரையை அல்ல. விலை உயர்ந்த கணினிக்கும் இது விலக்கில்லை. 2016 அக்டோபர் முதல் 2018 பிப்ரவரி வரை விற்ற 13 அங்குல மேக்புக் புரோ சிலவற்றில் திரையின் பின்விளக்கில் கோளாறு வந்து, ஆப்பிள் நிறுவனம் 2019 மே மாதம் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவிக்க வேண்டியிருந்தது. மூடியைத் திறக்கத் திறக்க, வளையும் கேபிள் தேய்ந்ததே அதற்குக் காரணம் என்று பிரித்துப் பார்த்த பழுதுபார்ப்போர் சொன்னார்கள்.

மடிக்கணினியை வீட்டுத் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ வழி இணைத்தும் பாருங்கள். தொலைக்காட்சியில் படம் நன்றாக இருந்து மடிக்கணினியில் மட்டும் சிமிட்டினால் கோளாறு அதன் திரையிலோ மூட்டுக் கேபிளிலோ இருக்கிறது. இரண்டிலும் சிமிட்டினால் வரைகலைப் பகுதி அல்லது டிரைவர். பிள்ளையின் விண்ணப்பம் அவசரம் என்றால், தொலைக்காட்சியிலேயே முடித்து அனுப்பிவிட்டுப் பழுதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திரை முழுக்க இருண்டுவிட்டதா? அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது.

வேடிக்கையான காரணம் ஒன்றும் உண்டு. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது உண்டாகும் நிலைமின்சாரம், தரம் குறைந்த கேபிளில் பாய்ந்து திரையை ஒரு கணம் இருட்டடிக்கும். டிஸ்ப்ளேலிங்க் நிறுவனம் தன் உதவிப் பக்கத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறது. எழுந்தால் மட்டும் திரை போகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

வீட்டு மின்சாரம்

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மடிக்கணினியில் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் ஓட விடுங்கள். சிமிட்டல் நின்றால் சார்ஜர் அல்லது வீட்டு மின்சாரம். வேறு அறையில், சுவர்ச் செருகியில் நேரடியாகப் போட்டு மறுபடி பாருங்கள். ஒரே எக்ஸ்டென்ஷனில் சோற்றுப் பானை, மின்விசிறி, வைஃபை பெட்டி, கணினி எல்லாம் தொங்கும் வீட்டில் குற்றவாளி அந்த எக்ஸ்டென்ஷனாகவே இருக்கலாம். எக்ஸ்டென்ஷனில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய தோட்ட வீடுகளிலும், பின்னால் அடுக்களை நீட்டிக் கட்டிய தாமான் வீடுகளிலும் வயரிங் பல கை மாறியிருக்கும். குளிர்பதனப் பெட்டி ஓடத் தொடங்கும்போது திரையும் விளக்கும் சேர்ந்து மங்கினால் அது கணினிக் கோளாறே அல்ல; எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். வீடு முழுவதும் விளக்குகள் அளவுக்கு மீறிப் பளிச்சிட்டு மங்கினால் அது ஆபத்து. கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழையுங்கள். மாலையில் இடி மின்னல் தொடங்கும்போதும் பிளக்கைப் பிடுங்குவதே பாதுகாப்பு. இணையக் கம்பியையும் சேர்த்து.

மானிட்டரின் பின்பக்கத்தைத் திறக்க நினைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

இணைய வகுப்பில் உங்கள் முகம் மட்டும் கோடு கோடாக ஓடுகிறது, திரை சரியாக இருக்கிறது என்றால் அது கேமரா விவகாரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். கேமரா 60 ஹெர்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதன் அமைப்பில் 50 என்று மாற்றினால் போதும்.

கண்ணும் தலைவலியும்

சில திரைகள் ஒளியைக் குறைக்க, பின்விளக்கை வெகு வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலை வலிக்கும். ஒளியை மிகக் குறைத்து வைத்துப் படிக்கும் பிள்ளை தலைவலி என்றால், திரையின் ஒளியைக் கூட்டி, அறை விளக்கையும் போட்டுப் பாருங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வேகமாகச் சிமிட்டும் திரையை உடனே அணைத்துவிடுவது நல்லது. 1997 டிசம்பர் 16ஆம் தேதி ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்த அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அப்படிப்பட்ட மின்னலுக்கு ஆளாகக்கூடியவர்கள் மிகச் சிலர்தான் என்றாலும், அவர்கள் யாரென்று முன்கூட்டியே தெரிவதில்லை.

கடைக்குப் போக நேர்ந்தால்

மேலே உள்ள சோதனைகளின் முடிவைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "பயாஸிலும் சிமிட்டுது, தொலைக்காட்சியில் போட்டால் சரியா இருக்கு, மூடியைச் சாய்த்தால் நிக்குது" என்று மூன்று வரி சொன்னால், முதலில் கேபிளைப் பாருங்கள் என்று கேட்கும் தைரியம் உங்களுக்கு வரும். விலையை முன்பே எழுத்தில் வாங்குங்கள். பிள்ளையின் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள். ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம்.

பழுதுபார்த்தும் சரியாகவில்லை, கடைக்காரரும் கை விரிக்கிறார் என்றால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் அது இயங்குகிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த ரசீதும், கைப்பேசியில் பிடித்த அந்த அரை நிமிடப் படமும். திரையை மாற்றியதாகச் சொன்னால், கழற்றிய பழைய திரையையும் கேட்டு வாங்கி வாருங்கள்.