அசினூ தேவாலயம்

சைப்பிரசின் துரோதோசு மலையடிவாரத்தில், நிக்கிதாரி சிற்றூருக்குத் தெற்கே காட்டுப் பள்ளத்தாக்கில் உள்ள மரபுவழிக் கிறித்தவத் தேவாலயம். கன்னி மரியாவுக்குரிய இது பனாகியா போர்பியோதிசா என வழங்கப்படுகிறது.

வரலாறு: 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பைசாந்தியப் பேரரசின் ஆட்சியில், நிக்கிபோரோசு என்ற உயர்குடியினர் இதைக் கட்டுவித்தார். முதல் சுவரோவியங்கள் 1105/06இல் தீட்டப்பட்டதைக் கல்வெட்டு வாசகம் போலச் சுவரில் எழுதப்பட்ட குறிப்பு தெரிவிக்கிறது. கோயிலின் சிற்றுருவை அவர் மரியாவின் வழியாகக் கிறித்துவிடம் அளிக்கும் காட்சியும் உள்ளது. அந்நூற்றாண்டிலேயே முகமண்டபம் சேர்ந்தது. 1332/33இல், சைப்பிரசை ஆண்ட பிராங்கிய லூசிஞான் அரசர் காலத்தில், முகமண்டபத்தின் ஓவியங்கள் பெரும்பகுதி புதிதாகத் தீட்டப்பட்டன. அயலார் ஆட்சியிலும் ஊர்மக்களின் வழிபாட்டு மரபு அறுபடவில்லை என்பதற்கு அவை அரிய சான்று.

அமைப்பு: வெளியே எளிய கற்சுவர், உள்ளே வளைகூரை முழுவதும் ஓவியம். மழையும் பனியும் தாக்காதபடி, வளைகூரைக்கு மேல் செங்குத்தான மரக்கூரை வேய்ந்து ஓடு பதித்துள்ளனர்.

ஊர்: தேவாலயத்துக்குப் பெயர் தந்த அசினூ ஊர் அழிந்துவிட்டது; தேவாலயத்தைச் சார்ந்திருந்த மடமும் இன்று இல்லை. நிக்கிதாரியே இப்போது அண்மை ஊர்.

பாதுகாப்பு: 1960களில் டம்பார்ட்டன் ஓக்சு நிறுவனம் ஓவியங்களைத் துப்புரவு செய்து காத்தது. 1985இல் துரோதோசு ஓவியத் தேவாலயங்களுள் ஒன்றாக இத்தேவாலயம் யுனெசுகோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.