மின்சாரமும் மூப்பின் மறதியும்

பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்து மலைத்து நிற்கும் முதியோரைக் காணுந்தோறும், இம்மறதிக்கு மருந்தில்லையோ என நம் மனம் ஏங்குகின்றது. மூளையை மின்சாரத்தால் தூண்டி ஞாபகத்தை மீட்கலாம் என்னும் செய்தி இந்நாளிற் பரவி வருகின்றது. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இவ்வெண்ணம் புதியதன்று. கி. பி. முதலாம் நூற்றாண்டிலேயே உரோம வைத்தியர் ஸ்கிறிபோனியஸ் லார்கஸ், தீராத் தலைவலிக்கு மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உயிருடன் தலையில் வைக்குமாறு எழுதினார். 1870இல் பெர்லினில் ஃபிறிற்ஷ், ஹிற்சிக் என்னும் இருவர் நாயின் மூளையில் மின்னோட்டஞ் செலுத்தி அதன் கால்களை அசையச் செய்தனர். 1874இல் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் பாத்தலோ என்னும் வைத்தியர், புற்றுநோயால் மண்டையோடு அரிக்கப்பட்ட ஒரு பணிப்பெண்ணின் மூளையில் ஊசிகளைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினார். அவள் வலிப்புற்றாள்; சில நாட்களில் இறந்தாள். சோதனை அறிவுக்காக நடந்ததேயன்றி அவள் நன்மைக்காக நடந்ததன்று. சக வைத்தியர்களே அதனைக் கண்டித்தனர்.

பின்னர் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்னும் சத்திரவைத்தியர், வலிப்பு நோயாளரை விழிப்பு நிலையில் வைத்தே மூளையின் பக்கப் பகுதியைத் தூண்டினார். சிலர் முன்னொருகாற் கேட்ட இசையை மீண்டுங் கேட்டதாகக் கூறினர். உலகம் வியந்தது. ஆயினும் 1963இல் அவர் பெறோவுடன் வெளியிட்ட கணக்கின்படி, 520 பேரில் 40 பேரே அத்தகைய அனுபவம் பெற்றனர்.

2008இல் ரொறன்ரோ நகரின் அந்திரேஸ் லொசானோ குழுவினர் ஒரு விந்தையை அறிவித்தனர். உடற்பருமன் மிகுந்த ஒருவரின் பசியை அடக்கக் கருதி அவர் மூளையின் ஆழத்தைத் தூண்டியபோது, முப்பது ஆண்டுகளின் முன் நண்பரோடு பூங்காவில் இருந்த காட்சி அவர் மனக்கண்ணில் எழுந்தது! அல்சைமர் நோயாளருக்கும் இது உதவுமோ என்ற நம்பிக்கை பிறந்தது. 42 நோயாளருக்கு மின்வாய் பொருத்தி, பாதிப்பேருக்கு மட்டும் மின்சாரஞ் செலுத்தி ஓராண்டு நோக்கினர். 2016இல் வெளியான முடிவு யாது? இருசாராரிடையும் மொத்தத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

2022இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தார், மண்டையைத் திறவாது, தலையின் மேலிருந்தே மெல்லிய மின்னோட்டத்தை நாளொன்றுக்கு 20 நிமிடமாக நான்கு நாட்கள் செலுத்திய ஆய்வை வெளியிட்டனர். 65 முதல் 88 வயதுடையோரின் சொல் நினைவு கூடியது. அப்பயன் ஒரு மாதம் நீடித்தது. மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அவர்கள் மறதி நோயாளர் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நம்பிக்கை என்றும் முன்னே ஓடுகின்றது. நிரூபணம் பின்னே நடக்கின்றது. நம் வீட்டு முதியோருக்கென எவரேனும் மின்கருவி விற்க வரின், எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் சோதித்தீர், மின்சாரம் பெறாதாரோடு ஒப்பிட்டீரா என வினவுவோம். விடை வரும்வரை, அவர்கள் ஒரே கதையைப் பத்தாம் முறை சொல்லும்போதும் அருகிருந்து பொறுமையோடு கேட்போம். இளைஞராகிய நம்மால் இன்றே செய்யத்தக்கது அதுவே.