உண்டைவில்: சிற்றுயிர் வேட்டைக் கருவி ஒன்றின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் பத்தி இலக்கிய வகுப்பொன்றில் திருவாய்மொழியைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முதற்பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில், கூனியின் கூனை இறைவன் உண்டைவில்லால் தெறித்த செயலை நம்மாழ்வார் பேசுகிறார். ‘உண்டைவில்’ என்ற சொல்லுக்கு, தோட்டப்புறத்தில் நாம் ‘லாஸ்டிக்’ என்று கூறுவதுதான் அது என விளக்கம் சொல்லிக் கடந்துவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர், “டாக்டர், அந்தக் காலத்தில் ரப்பர் ஏது?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கோ விடை தெரியவில்லை. அம்மாணவரின் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தமிழ் இலக்கியத்தில் வில் என்றதும் நம் நினைவுக்கு வருவது பெருவில்லே. வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிச் சென்றதை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடுகிறார். அப்பாட்டைக் கற்பிப்போர் யானையோடும் புலியோடும் நின்றுவிடுவது வழக்கம். அந்த அம்பு இறுதியாகத் தைத்தது புற்றிலிருந்த உடும்பை என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. வேட்டுவர் குடிலில் நாள்தோறும் அடுப்பேறியதோ யானையும் புலியும் அல்ல. உடும்பு, முயல், எலி, அணில், குருவி, காடை போன்ற சிற்றுயிர்களே.

இச்சிறு வேட்டைக்குச் சங்க இலக்கியத்திலேயே தெளிவான சான்று உண்டு. ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 324ஆம் பாட்டில் வேட்டுவச் சிறுவர் வருகின்றனர். புள்ளின் ஊனைத் தின்று புலால் நாறும் வாயினர் அவர்கள். ஊகம்புல்லின் மெல்லிய தண்டில் உடைமரத்தின் வெண்முள்ளைச் செருகி அம்பாக்குகின்றனர். வளாரை வளைத்து வில்லாக்குகின்றனர். பருத்தி வேலியோரத்தில் எலிக்குக் குறி பார்க்கின்றனர். இதனைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குவதற்கில்லை. கருவிக்குரிய பொருள், அதைச் செய்யும் முறை, இரை, இரை தங்கும் இடம் ஆகிய நான்கையும் புலவர் கூர்ந்து கண்டு சொல்லியிருக்கிறார். எனினும் இது அம்பெய்யும் வில், உண்டைவில் அன்று.

அணில், சங்கப் பாடல்களில் வேறொரு முகத்தோடு நமக்கு அறிமுகமானது. குறுந்தொகையின் 41ஆம் பாட்டில், மக்கள் நீங்கிய வீட்டின் முற்றத்தில் அது விளையாடுகிறது. பாடியவருக்கு ‘அணிலாடு முன்றிலார்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் சேதுபந்தனத்திற்கு மணல் சுமந்த அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் பாடினார். அணிலின் முதுகை வருடியதாக நம் பாட்டிமார் சொல்லும் இராமனே, இளமையில் உண்டைவில் ஏந்தித் திரிந்தவனாகவும் காட்டப்படுகிறான் என்பது சுவையான முரண்.

அக்காட்சி வால்மீகியில் இல்லை. தமிழ் மரபில் வேரூன்றியது. திருமழிசையாழ்வார் திருச்சந்தவிருத்தத்தில் அதனைக் குறிப்பிடுகிறார். கம்பர் அயோத்தியா காண்டத்தில், சிறுவனாகிய இராமன் தன்மேல் தெறித்த உண்டையை மந்தரை நினைத்துப் பார்ப்பதாக அமைத்து, அவளது பகைக்கு அதையே வித்தாக்குகிறார். நம்மாழ்வாரோ அச்செயலைக் கூறிவிட்டுக் ‘கோவிந்தா’ என விளிக்கிறார். இராமனின் செயலுக்குக் கண்ணனின் பெயர் ஏன் என்று வைணவ உரையாசிரியர்கள் வினா எழுப்பி, குறும்பெல்லாம் கண்ணனையே சாரும் என்னும் போக்கில் நயம்பட விடை கூறினர். உண்டைவில் எத்தகையது என்று விளக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. தெருவில் காணும் பொருளுக்கு எவர் உரை எழுதுவார்? நமக்கு இடர் தருவது அந்த மௌனமே.

உண்டைவில் என்பது, பெயர் உணர்த்துமாறே, உண்மையான வில். மூங்கிற் பட்டையை வளைத்துச் செய்வர். ஒரு நாணுக்குப் பதிலாக இணையாகச் செல்லும் இரு நாண்கள் இருக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சிறு குச்சி ஒன்று இடையே பொருத்தப்படும். நாண்களின் நடுவே கயிற்றாலோ துணியாலோ சிறு பை போன்ற இருக்கை உண்டு. களிமண்ணை உருட்டி வெயிலில் உலர்த்திய, அல்லது சுட்ட உண்டையை அவ்விருக்கையில் வைத்து, இரு விரலால் பற்றி இழுத்து விடுவர்.

அம்பு இருக்க மண்ணுருண்டை எதற்கு? மரத்தின் மேலுள்ள அணிலை நோக்கி எய்த அம்பு குறி தவறினால் கிளையில் தைத்துத் தொங்கும். அல்லது புதரில் விழுந்து தொலையும். ஓர் அம்பைச் செய்யும் உழைப்பு ஓர் அணிலின் இறைச்சிக்கு ஈடாகாது. உண்டை தொலைந்தாலோ குளக்கரையில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. மேலும், கூர்நுனி சிற்றுயிரின் உடலைச் சிதைக்கும். உண்டை மயக்கி வீழ்த்தும். ஆகவே உண்டைவில்லை அம்புவில்லின் குறைபட்ட வடிவமாகக் கருதுவது பொருந்தாது. சிற்றிரைக்கென்றே அமைந்த, கணக்கு அறிந்த கருவி அது.

ஆசியாவின் பிற பகுதிகளிலும் இக்கருவி வழங்கியது. சீனத்தின் ‘சுவாங்சி’ நூலில், உண்டையைக் கண்டவுடனே பொரித்த பறவைக்கு ஆசைப்படுபவனின் அவசரம் எள்ளப்படுகிறது. வூ, யூ நாடுகளின் வரலாற்றைக் கூறும் பழைய சீன நூலொன்றில், வில்லாளி ஒருவன் உண்டைவில்லிலிருந்தே வில் பிறந்தது என அரசனிடம் சொல்கிறான். பெற்றோரின் உடலைப் பறவையும் விலங்கும் தீண்டாமல் காக்க ஒரு மகன் அதனைப் படைத்தான் என்பது அவன் கூறும் கதை. அதனை வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும், பெருவில்லுக்குச் சிறுவில்லை மூத்ததாக வைத்த அந்த எண்ணம் கருதத்தக்கது.

பாக்தாதில் 1180 முதல் 1225 வரை ஆண்ட கலீபா அல்-நாசிர், உண்டைவில்லால் பறவை வீழ்த்தும் கலையைத் தம் தலைமையின்கீழ்க் கொண்டுவந்து நெறிப்படுத்தினார். அரபு மொழியில் உண்டையின் பெயர் ‘புந்துக்’. வெடிமருந்து வந்தபின் அச்சொல் துப்பாக்கிக்குப் பெயராகி, இந்தியில் ‘பந்தூக்’ என வழங்குகிறது. நம் ‘துப்பாக்கி’யும் துருக்கிய, பாரசீக வழியில் வந்ததே. அதன் மூலச்சொல் முதலில் குறித்தது வாயால் ஊதி எய்யும் குழாயை. குருவியும் அணிலும் வீழ்த்திய எளிய கருவிகளே போர்க்கருவிகளுக்குப் பெயர் கொடுத்துள்ளன.

ஊதுகுழாயைப் பற்றி இந்நாட்டு வாசகருக்கு விரிக்க வேண்டியதில்லை. தீபகற்பத்தின் வடபகுதிக் காடுகளில் வாழும் செமாங் மக்கள் முன்பு நச்சம்பும் நெடுவில்லும் கையாண்டனர் என்பதை 1906இல் வெளிவந்த ஸ்கீட், பிளாக்டன் ஆகியோரின் நூல் பதிவு செய்துள்ளது. பின்னர் வில் அருகி ஊதுகுழாயே எஞ்சியது. உயர்ந்த மரக்கவிகைகளில் திரியும் அணிலுக்கும் குரங்குக்கும் அதுவே ஏற்ற கருவி.

தமிழ்நாட்டின் உண்டைவில்லுக்கு முடிவு கட்டியது ரப்பர். சார்ல்ஸ் குட்யியர் 1839இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும் உறுதியான பட்டை அதன்பின்னரே கிடைத்தது. 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. மலாயாவின் தோட்டங்களில் தமிழர் கைகள் பால் வெட்டின. அந்தப் பால் உலகின் சைக்கிள் டியூபாயிற்று. கிழிந்த டியூப் சிறுவர் கையில் கவட்டைக்கிளையோடு சேர்ந்தது. நான் பிறந்த தோட்டத்திலும் மாலை வேளைகளில் அணிலுக்குக் குறி வைக்காத சிறுவன் இல்லை. பெரும்பாலும் தப்பித்தது அணில்தான்.

கருவி மாறியது, பெயர் மாறவில்லை. இன்று ‘உண்டிவில்’ என்பது கவட்டைக்கே பெயர். தினைப்புனத்தில் கிளி கடிந்த மகளிரின் ‘கவண்’ சுழற்றி எறியும் கயிற்றுக் கருவி. அச்சொல்லும் இதற்கே பெயராகிவிட்டது. இந்தியின் ‘குலேல்’, சீனத்தின் ‘தான்கோங்’ ஆகியவற்றுக்கும் இதுவே நேர்ந்தது: முன்பு உண்டைவில், இன்று ரப்பர்க் கவட்டை. பொருள் மறைந்து சொல்லும் மறைந்திருந்தால், அகராதியைப் புரட்டித் தேடியிருப்போம். சொல் உயிரோடு இருப்பதால் தேடாமலே தவறிவிடுகிறோம். நான் தவறியது அவ்வாறுதான்.

இக்கருவியை நம்பி வாழ்ந்தோரின் வரலாறும் இவ்வாறே மங்கிவிட்டது. 1909இல் 7 தொகுதிகளாக வெளிவந்த தர்ஸ்டனின் தொகுப்பில் ‘குருவிக்காரர்’ தனித்து இடம்பெறுகின்றனர். வேட்டையாடிய சிற்றுயிரே ஒரு மக்களுக்குப் பெயராயிற்று. 1972இல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் மலேசியாவிலும் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் வேட்டையை இழந்த நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளைப் பற்றி நம் ஆய்வேடுகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன.

வினா எழுப்பிய மாணவரும் நானும் அந்தப் பருவ இறுதியில் மூங்கிலால் ஓர் உண்டைவில் செய்து பார்த்தோம். உண்டை வெளியேறும் நொடியில் இடக்கை மணிக்கட்டைச் சற்றுத் திருப்பி வில்லை வழிவிடச் செய்ய வேண்டும் என்று படித்திருந்தேன். படித்தது கைக்கு வரவில்லை. முதல் உண்டை என் இடக்கைக் கட்டைவிரலில் பட்டது. நகம் கறுத்து, அடுத்த பருவம் தொடங்கும் வரை அப்படியே இருந்தது.