ஆஸ்லோ கப்பல் அலுவலகத்தில் வணிகவியல் பாடம்

நார்வே தலைநகர் ஆஸ்லோவில் வணிக மேலாண்மை படிக்கும் மாணவர் பயிற்சிப் பணிக்குக் கப்பல் நிறுவனத்திலோ கப்பல் தரகரிடமோ சேர்வது புதுமையல்ல. ஃபியர்ன்லி தரகு நிறுவனம் 1869-இல் தொடங்கிய ஊர் இது. மாறாச் செலவு, மாறும் செலவு, வாய்ப்புச் செலவு என்று புத்தகத்தில் மூன்று அத்தியாயங்களாகப் படித்தவை இங்கே ஒரே கணக்கில் வந்து நிற்கும்.

அந்தக் கணக்கைச் சுருக்கமாக 'டிசிஇ' என்பார்கள். கப்பலின் ஒரு நாள் சம்பாத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம். சரக்குக் கட்டணத்திலிருந்து எரிஎண்ணெய், துறைமுகக் கட்டணம், கால்வாய்க் கட்டணம், தரகு ஆகியவற்றைக் கழித்து, மிச்சத்தை நாட்களால் வகுக்க வேண்டும். புதியவர்கள் சறுக்குவது நாட்களில்தான். ஓர் உதாரணம்: கட்டணம் 12 லட்சம் டாலர், பயணச் செலவு 7.8 லட்சம், மிச்சம் 4.2 லட்சம். சரக்கோடு 20 நாள், துறைமுகங்களில் 4 நாள், காலியாகத் திரும்ப 18 நாள். 20-ஆல் வகுத்தால் நாளுக்கு 21,000 டாலர், பார்க்க அழகாக இருக்கும். சரியான வகுஎண் 42. சம்பாத்தியம் 10,000 தான். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தூத்துக்குடித் தோணிக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

மாலுமிகள் சம்பளமும் காப்பீடும் இந்தக் கணக்கில் வராது. கப்பல் ஓடினாலும் நின்றாலும் அவை உண்டு. நாளுக்கு அவை 7,000 டாலர் என்றால், கடன் கட்ட மிஞ்சுவது 3,000.

அடுத்தது வேகம். எரிஎண்ணெய்ச் செலவு ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கேற்ப உயரும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் ஒரு நாளைய எரிபொருள் சுமார் 27 சதவீதம் குறையும். பயண நாட்கள் கூடுவதால் முழுப் பயணத்தில் மிச்சம் 19 சதவீதம். ஆனால் வாடகை உச்சத்தில் இருக்கும்போது இழந்த நாட்களின் மதிப்பு இந்த மிச்சத்தை விழுங்கிவிடும். வாய்ப்புச் செலவு என்பது இதுதான்.

வாடகை அடிமட்டத்துக்குப் போனால்? கப்பலை முடக்கி நிறுத்தலாம். எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் எடுப்பது என்பதை பெர்கன் நகரின் நார்வே வணிகப் பொருளியல் கல்லூரிப் பேராசிரியர் யான் மோசின் 1968-இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். நிறுத்தவும் செலவு, எடுக்கவும் செலவு. ஆகவே ஒரே எல்லை போதாது. நட்டம் தொடங்கியவுடன் நிறுத்தக்கூடாது, இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று பொறுக்க வேண்டும்; வாடகை சற்றே ஏறியவுடன் எடுக்கவும் கூடாது. இரண்டு எல்லைகளுக்கு நடுவே இருப்பதை அப்படியே விடுவதே லாபம். பின்னாளில் 'மெய் விருப்பத்தேர்வு' என்ற பெயரில் வளர்ந்த கோட்பாட்டுக்கு இதை ஒரு முன்னோடியாகக் கொள்ளலாம்.

கோட்பாடு கையில் இருந்தும் பயன்படாமல் போன கதையும் நார்வேயிலேயே உண்டு. நல்ல காலத்தில் மொத்தமாக வாங்கிய கப்பல்கள் மொத்தமாகவே மூப்படையும், அதனால் கப்பல் முதலீடு அலையலையாக வரும் என்பதை யோஹான் ஐனார்சன் நார்வேக் கப்பல்களை வைத்தே ஆராய்ந்தார். அந்நூல் 1938-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகப் பொருளியல் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அந்நிறுவனத்தின் தலைவர் ராக்னர் ஃப்ரிஷ். 1969-இல் முதல் பொருளியல் நோபல் பரிசை டச்சுக்காரர் டின்பெர்கனோடு பகிர்ந்தவர். டின்பெர்கனும் 1931-இலேயே கப்பல் கட்டும் சுழற்சி பற்றி எழுதியிருந்தார்.

ஆயினும் 1973-இல் டாங்கர் வாடகை உச்சத்தில் இருந்தபோது நார்வே முதலாளிகள் ராட்சத எண்ணெய்க் கப்பல்களை வரிசையாக ஆர்டர் செய்தார்கள். கட்டி முடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை, விலையேற்றம். 1975 ஜூனில் சூயஸ் கால்வாய் திறந்து தூரத்தையும் குறைத்துவிட்டது. கட்டும் தளத்திலிருந்து நேரே ஃபியோர்டுக்குப் போய் நின்ற புதுக் கப்பல்களும் உண்டு. அதே ஆண்டு அரசு ஒரு உத்தரவாத நிறுவனம் அமைத்துக் கப்பல் கடன்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. தனித்தனியே ஒவ்வொரு முதலாளியின் கணக்கும் சரியாகத்தான் இருந்திருக்கும்; எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டதுதான் வினை.

பயிற்சி மாணவர் கையில் வரும் தரகர் அறிக்கைகளில் அன்றைய வாடகையோடு, கட்டப்பட்டுவரும் கப்பல்களின் பட்டியலும் இருக்கும். ஓடும் கப்பல்களில் அது எத்தனை சதவீதம் என்று முதலில் வகுத்துப் பார்த்துவிட்டு வாடகைக்குப் போவது நல்லது.