நெரூர் சதாசிவ பிரம்மேந்திரர் அதிஷ்டானம்

நெரூர் சதாசிவ பிரம்மேந்திரர் அதிஷ்டானம் என்பது தமிழ்நாட்டின் கரூர் மாவட்டத்தில், காவிரியின் தென்கரையிலுள்ள நெரூர் என்னும் சிற்றூரில் அமைந்துள்ள நினைவிடம் ஆகும். அத்வைத மெய்யியலாளரும் கருநாடக இசைப் பாடல்களை இயற்றியவருமான சதாசிவ பிரம்மேந்திரர் 18 ஆம் நூற்றாண்டில் இங்கு அடக்கமானார்.

மெய்யியலாளர்

இவர் பரமசிவேந்திர சரசுவதியின் மாணாக்கர். பிரம்ம சூத்திரத்துக்கும் பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கும் வடமொழியில் உரை எழுதினார். 'ஆத்ம வித்யா விலாசம்' இவரது மற்றொரு நூலாகும். உடல், குலம் முதலிய வேறுபாடுகள் ஆன்மாவுக்கு இல்லை என்பது இவர் சார்ந்த அத்வைதத்தின் கொள்கை. பிற்காலத்தில் பேச்சைத் துறந்து மௌனியாகத் திரிந்தார். 1738 இல் புதுக்கோட்டை மன்னர் விசயரகுநாதராயத் தொண்டைமான் இவரைத் திருவரங்குளம் காட்டில் சந்தித்தார் என்றும், இவர் உபதேசத்தை மணலில் எழுதிக் காட்டினார் என்றும் கூறுவர். அம்மணல் புதுக்கோட்டை அரண்மனையில் வைத்து வழிபடப்பட்டது.

அமைப்பும் வரலாறும்

துறவு பூணும்போதே அக்கினி காரியங்களைக் கைவிடுவதால், சந்நியாசிகளின் உடலை எரிக்காமல் புதைப்பது மரபு. அவ்விடத்தின் மேல் எழுப்பப்படுவது அதிஷ்டானம் எனப்படும். காசியிலிருந்து ஒருவர் இலிங்கம் கொண்டு வருவார் என்றும், சமாதியின் மேல் வில்வம் முளைக்கும் என்றும் சதாசிவர் முன்னரே கூறியதாகச் செவிவழிச் செய்தி உண்டு. மானாமதுரை உள்ளிட்ட வேறு ஊர்களிலும் இவருக்குச் சமாதி உள்ளதாக நம்பப்படுகிறது. சிருங்கேரி மடாதிபதியாக 1879 முதல் 1912 வரை இருந்த சச்சிதானந்த சிவாபிநவ நரசிம்ம பாரதி நெரூருக்கு வந்து, இவர்மீது தோத்திரம் இயற்றினார். ஆண்டுதோறும் வைசாக மாத வளர்பிறைத் தசமியை ஒட்டி ஆராதனை நடைபெறுகிறது.

எச்சில் இலை வழக்கு

ஆராதனையின்போது அன்னதானத்தில் பிறர் உண்ட இலைகளின்மேல் அங்கப்பிரதட்சணம் செய்யும் வழக்கம் இருந்து வந்தது. பிராமணர் உண்ட இலைகளில் தலித்துகளும் பிராமணர் அல்லாதாரும் உருள்கின்றனர் எனத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2015 இல் சென்னை உயர்நீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது. 2024 மே மாதம் தனி நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், இதில் எல்லாச் சமூகத்தினரும் பங்கேற்பதையும் சமய உரிமையையும் சுட்டி அனுமதி அளித்தார். 2025 மார்ச்சில் நீதிபதிகள் ஆர். சுரேஷ்குமார், ஜி. அருள்முருகன் ஆகியோர் அமர்வு அத்தீர்ப்பை ரத்து செய்தது. பக்தர் தாமே விரும்பி ஏற்கும் வழிபாடா, மனித மாண்புக்கு இழுக்கா என்பதே இவ்வழக்கில் எழுந்த முதன்மையான கேள்வியாகும்.