பத்து பாகாட் கரைக்காவல்

ஜொகூரின் மேற்குக் கரையில் மூவாருக்கும் பொந்தியானுக்கும் நடுவே உள்ளது பத்து பாகாட் கடலோரம். எங்கும் சேறும் கண்டல் காடும் ஆற்று முகத்துவாரங்களும்தான். பெரிய கப்பல் கரையை நெருங்க ஆழம் போதாது. சிறு படகுக்கு எந்தத் தடையும் இல்லை. மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்திரா. இந்தக் கரையைக் காப்பதில் உள்ள சிக்கல் அத்தனையும் இந்த நில அமைப்பிலிருந்து பிறந்ததே.

1942 ஜனவரியில், மலாயா மீதான ஜப்பானியப் படையெடுப்பின்போது, பிரிட்டிஷார் அதை அனுபவத்தில் கண்டனர். சிங்கப்பூரின் கரைப் பீரங்கிகள் போர்க்கப்பல்களை எதிர்பார்த்து நிறுவப்பட்டவை. ஜப்பானியரோ மேற்குக் கரையோரமாகச் சிறு படகுகளில் வந்து, தற்காப்புப் படைகளுக்குப் பின்புறம் இறங்கினர். படகுகளுக்கும் பஞ்சமில்லை; பினாங்கைக் கைவிட்டபோது பிரிட்டிஷார் பல படகுகளை அழிக்காமல் விட்டுப் போயிருந்தனர். ஜனவரி 16 அன்று ஒரு ஜப்பானியப் படைப்பிரிவு பத்து பாகாட் அருகே கரையேறிக் காட்டுக்குள் மறைந்தது. மாதக் கடைசியில் நகரம் கைவிடப்பட்டது. சாலை அடைபட்டுச் சிக்கிக்கொண்ட 2,000-க்கும் மேற்பட்ட வீரர்களை டிராகன்ஃபிளை, ஸ்கார்ப்பியன் என்ற பீரங்கிப் படகுகள் தெற்கே பொங்கோர் பகுதியிலிருந்து இரவுகளில் ஏற்றிச் சென்றன. கனத்த பீரங்கிகளுக்குச் செலவிட்டதில் ஒரு பங்கை ரோந்துப் படகுகளுக்கு ஒதுக்கியிருந்தால் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

அடுத்த சோதனை, மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய ‘கொன்ஃபிரொந்தாசி’ என்ற மோதல். 1964 ஆகஸ்ட் 17 அன்று சுமார் 100 பேர் கடல்வழியே பொந்தியான் கரையில் இறங்கினர். செப்டம்பர் தொடக்கத்தில் லாபிஸ் அருகே வான்குடைப் படையினர் குதித்ததும் நாடெங்கும் அவசரநிலை வந்தது. அக்டோபர் 29 அன்று 52 பேர் மலாக்கா எல்லையிலுள்ள கெசாங் ஆற்றுப் பக்கம் இறங்கி, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளிடம் பிடிபட்டனர். பொந்தியானுக்கும் கெசாங்குக்கும் இடையில்தான் பத்து பாகாட் இருக்கிறது. இம்முறை மலேசிய, காமன்வெல்த் ரோந்துக் கலங்கள் நீரிணையில் காவல் நின்றன. ஊடுருவியவர்களால் காலூன்ற முடியவில்லை. 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது.

அதன் பிறகே எல்லைக்கோடு தெளிவானது. மலேசியா 1969-இல் தன் கடல் எல்லையை 12 கடல் மைலாக விரித்தது. மறு ஆண்டு மார்ச்சில் இந்தோனேசியாவுடன் மலாக்கா நீரிணைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. கோடு வரைந்தாயிற்று, காவல் மட்டும் கடற்படை, கடல் போலீஸ், சுங்கம், மீன்வளத் துறை எனச் சிதறியே கிடந்தது. 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் 2005 நவம்பரில் பணியைத் தொடங்கியது. பத்து பாகாட்டும் அதன் மண்டலங்களுள் ஒன்று. இன்று அங்கே தேடப்படுபவை படை ஏற்றிய படகுகள் அல்ல. ஆவணமற்ற தொழிலாளர்களையும் கடத்தல் சிகரெட்டையும் ஏற்றி இரவில் வரும் விசைப்படகுகள்.