டோக்கியோவில் கப், மாயோ அவென்யூவில் வரிசை: அர்ஜென்டினா 1979

இந்த வாரம் ஒரு ஃபுட்பால் டீம் பத்தி. சீனியர் டீம் இல்ல, 20 வயசுக்கு உட்பட்ட பசங்க டீம். மரடோனா தன்னோட சுயசரிதையில, வாழ்க்கையில தான் ஆடின டீம்களிலேயே இதுதான் பெஸ்ட்னு சொல்றார். 1986-ல உலகக் கோப்பையைத் தூக்கின மனுஷன் இதைச் சொல்றார்னா கொஞ்சம் நின்னு கேட்கணும் இல்லையா?

1979 ஆகஸ்ட் கடைசியில ஜப்பானில் உலக இளையோர் சாம்பியன்ஷிப் தொடங்குது. இது இரண்டாவது தடவை. முதல் தடவை 1977-ல துனிசியாவில் நடந்தப்போ சோவியத் யூனியன் ஜெயிச்சிருந்தது. அர்ஜென்டினாவின் கோச் யாருன்னா செசார் லூயிஸ் மெனோட்டி. ஒரு வருஷம் முன்னாடிதான் சீனியர் டீமோட உலகக் கோப்பை ஜெயிச்சவர். அப்படிப்பட்ட ஆள் பசங்களைக் கூட்டிக்கிட்டு தானே ஜப்பான் போறார். 1978 உலகக் கோப்பை அணியில இருந்து 17 வயசு மரடோனாவைக் கடைசி நேரத்துல வெட்டினவரும் இதே மெனோட்டிதான். இப்போ அதே பையன் கையில கேப்டன் பட்டையைக் கட்டி விடுறார்.

இவங்க தென் அமெரிக்க சாம்பியனாகவும் போகலை. அந்த வருஷத் தொடக்கத்துல உருகுவேயில் நடந்த தகுதிப் போட்டியில உருகுவே முதலிடம், அர்ஜென்டினா இரண்டாவது. ஜப்பானில் இறங்கின பிறகு கதையே வேற. இந்தோனேசியா 5-0, யூகோஸ்லாவியா 1-0, போலந்து 4-1, காலிறுதியில் அல்ஜீரியா 5-0. அரையிறுதியில் அதே உருகுவேயை 2-0. ரமோன் டியாஸ் மொத்தம் 8 கோல், மரடோனா 6. டியாஸ் ஓட, மரடோனா பந்தை அனுப்ப, பார்பாஸும் கால்டெரோனும் நடுவுல நின்னு பின்ன, யூடியூப்ல மங்கலா இருக்கிற அந்தக் காட்சிகளை இன்னிக்குப் பார்த்தாலும் பசங்க தெருவுல ஆடுற சந்தோஷம்தான் தெரியும்.

டோக்கியோவுக்கும் பியூனஸ் அயர்ஸுக்கும் சரியா 12 மணி நேர வித்தியாசம். அங்க ராத்திரி மேட்ச்னா இங்க விடியற்காலை. ஒரு நாடே ரெண்டு வாரம் அலாரம் வச்சு எழுந்து, ஸ்கூலுக்கும் வேலைக்கும் போறதுக்கு முன்னாடி டிவி முன்னால உட்கார்ந்தது.

இறுதிப் போட்டி செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை. எதிர்ல நடப்பு சாம்பியன் சோவியத் யூனியன். 52-வது நிமிஷத்துல பொனோமர்யோவ் அடிச்சு சோவியத் முன்னிலை. 68-ல ஊகோ ஆல்வெஸ் பெனால்டி, 71-ல டியாஸ், 76-ல மரடோனாவோட ஃப்ரீ கிக். எட்டே நிமிஷத்துல மூணு கோல். 3-1. டோர்னமென்டின் சிறந்த ஆட்டக்காரர் மரடோனா. வயசு 18.

இதோட நிறுத்தினா இது ஒரு விளையாட்டுக் கதை. ஆனா அதே நேரத்துல பியூனஸ் அயர்ஸில் என்ன நடந்துக்கிட்டு இருந்ததுன்னு பார்க்கணும்.

1976 மார்ச் 24-ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. தலைமை ஜெனரல் ஹோர்ஹே ரஃபேல் வீடெலா. யூனியன்காரங்க, மாணவர்கள், பத்திரிகையாளர்கள், அவங்களோட நண்பர்கள்னு ஆட்களை வீட்டுல இருந்தும் தெருவுல இருந்தும் தூக்கிட்டுப் போனாங்க. கைது ஆவணம் கிடையாது, கேஸ் கிடையாது, உடலும் கிடையாது. ஸ்பானிஷ்ல இவங்களுக்கு 'தெசாபரெசிதோஸ்'னு பேரு. தமிழ்ல 'காணாமல் போனவர்கள்'னு எழுதுறது எனக்குச் சரியாப் படலை. அவங்க எங்கேயும் போகலை. காணாமல் ஆக்கப்பட்டவர்கள். ஜனநாயகம் திரும்பின பிறகு அரசு அமைச்ச கமிஷன் 1984-ல 8,961 பேரைப் பதிவு செஞ்சது. மனித உரிமை அமைப்புகள் சொல்ற எண்ணிக்கை 30,000.

1977 ஏப்ரல் 30-ல சில அம்மாக்கள் அரசு மாளிகைக்கு எதிரே இருக்கிற மாயோ சதுக்கத்துல கூடினாங்க. அப்புறம் வியாழக்கிழமைதோறும் தலையில வெள்ளைத் துணி கட்டி, அந்தச் சதுக்கத்தையே சுத்திச் சுத்தி நடந்தாங்க. கேட்டது ஒண்ணே ஒண்ணு: எங்க பிள்ளைங்க எங்கே?

வெளிநாட்டு அழுத்தம் கூடக் கூட, அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையத்தை நேரில் வர அனுமதிக்க வேண்டிய நிலை ராணுவ அரசுக்கு. ஆணையம் வந்து இறங்கினது 1979 செப்டம்பர் 6. ஃபைனலுக்கு முந்தின நாள். 20-ம் தேதி வரைக்கும் இருந்தாங்க.

வரவேற்பு ஏற்பாடு எப்படின்னா, முதல்ல ஸ்டிக்கர். 'நாங்கள் அர்ஜென்டினர்கள், தெரேச்சோஸ் இ ஊமானோஸ்'. ஸ்பானிஷ்ல 'தெரேச்சோஸ் ஊமானோஸ்' என்றால் மனித உரிமைகள். நடுவுல ஒரு 'இ', அதாவது நம்ம 'உம்', சேர்த்தா அர்த்தம் 'நேர்மையானவங்க, மனுஷத்தன்மை உள்ளவங்க'ன்னு மாறிடும். ஒரே ஒரு எழுத்துல மனித உரிமைக் குற்றச்சாட்டையே தற்பெருமையா மாத்திட்டாங்க. விளம்பர வேலையா மட்டும் பார்த்தா கெட்டிக்காரத்தனம்தான், அதுதான் வயித்தைக் கலக்குது. அந்த ஸ்டிக்கரைக் கார் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு ஊரே சுத்தினது.

இரண்டாவது ஏற்பாடு இன்னும் மோசம். எஸ்மான்னு சுருக்கமா சொல்ற கடற்படை மெக்கானிக் பள்ளி நகரத்துக்குள்ளேயே இருந்த ரகசியச் சித்திரவதை முகாம். 1978 உலகக் கோப்பை ஃபைனல் நடந்த ஸ்டேடியம் அங்கிருந்து ரொம்பப் பக்கம். அங்க இருந்து தப்பினவங்க வெளிநாட்டுல கொடுத்த சாட்சியத்துல மாடிப்படி எங்க, லிஃப்ட் எங்கன்னு வரைக்கும் விவரம் இருந்தது. அதனால ஆணையம் வர்றதுக்குள்ள கட்டடத்தையே மாத்தினாங்க. பேஸ்மென்ட்டுக்கு இறங்குற படியை எடுத்தாங்க, லிஃப்ட் இருந்த தடத்தை மறைச்சாங்க. ஆடிட் வருதுன்னு தெரிஞ்சதும் லாக் ஃபைலைத் திருத்துற மாதிரி. என் தொழில்ல அதுக்கே வேலை போகும். கைதிகளை நகரத்துக்கு வெளியே, திக்ரே டெல்டாவுல இருக்கிற ஒரு தீவுக்கு மாத்தினாங்க. அந்த இடத்தோட பேர் 'எல் சிலென்சியோ'. மௌனம்னு அர்த்தம். கதைன்னா யாராவது இப்படிப் பேர் வச்சிருந்தா ஓவர்னு சொல்லியிருப்போம்.

மூணாவதா, யாரும் திட்டம் போடாம தானா வந்து விழுந்தது இந்தக் கப்.

மாயோ அவென்யூ 760-ல அமெரிக்க நாடுகள் அமைப்பின் அலுவலகம். ஆணையம் புகார் வாங்கினது அங்கதான். வரிசை தெருவைத் தாண்டி நீண்டது. கையில போட்டோ, பேர், கடைசியா பார்த்த தேதி. அந்த நாட்டுல அப்போ அந்த வரிசையில போய் நிக்கிறதுக்கே தைரியம் வேணும், ஏன்னா யார் நிக்கிறாங்கன்னு போலீஸும் பார்த்துக்கிட்டுதான் இருக்கும்.

அதே காலையில ரேடியோ ரிவாடாவியாவின் வர்ணனையாளர் ஹோசே மரியா முன்யோஸ், நாட்டிலேயே அதிகம் கேட்கப்பட்ட குரல்களில் ஒண்ணு, மக்களை மாயோ சதுக்கத்துக்குக் கொண்டாட வரச் சொல்றார். மனித உரிமை ஆணையத்து ஆட்களுக்கு அர்ஜென்டினாவோட உண்மையான முகத்தைக் காட்டுங்கன்னு அழைப்பு. பள்ளிப் பிள்ளைங்க உட்பட ஆயிரக்கணக்கான பேர் கொடியோட போனாங்க. வீடெலா மாளிகையின் பால்கனியில வந்து கையசைச்சார். சதுக்கத்துக்கும் அந்த வரிசைக்கும் நடந்து போற தூரம்தான். கொண்டாட்டக் கூட்டத்துல சிலர் வரிசையில நின்னவங்களைப் பார்த்துத் திட்டிக்கிட்டே போனாங்க.

இந்த இடத்துல எனக்கு ஒரு சிக்கல். அன்னிக்குத் தெருவுக்கு வந்த எல்லாரையும் ராணுவத்தோட ஆளுன்னு சொல்லிட முடியுமா? ரெண்டு வாரம் தூக்கம் கெட்டு மேட்ச் பார்த்த 14 வயசுப் பையன், டீம் ஜெயிச்சா தெருவுக்கு வரத்தான் செய்வான். அவன் சந்தோஷம் பொய் இல்ல. பொய்யா இருந்திருந்தா அது ராணுவத்துக்கு எந்தப் பிரயோஜனமும் ஆகியிருக்காது. உண்மையான சந்தோஷமா இருந்ததாலதான் அதை அந்த வரிசைக்கு முன்னால திரையா இழுத்து விட முடிஞ்சது. முன்யோஸை மட்டும் என்னால அவ்வளவு சுலபமா விட முடியலை. ஆணையம் வந்திருக்குன்னு தெரிஞ்சு, அதைச் சொல்லியே கூப்பிட்டவர் அவர்.

ஆட்டக்காரப் பசங்க கதை வேற. அவங்களில் சிலர், மரடோனா உட்பட, அந்த வருஷம் கட்டாய ராணுவ சேவை வயசுல இருந்தவங்க. ஊர் திரும்பினதும் வீடெலா முன்னால நிறுத்தப்பட்டாங்க. அவர் எங்களை ஒரு முன்னுதாரணமா பயன்படுத்திக்கிட்டார்னு மரடோனா பின்னாடி எழுதினார். 18 வயசுல அந்த அறையில நின்னு யார் என்ன சொல்லியிருக்க முடியும்? மெனோட்டிதான் இன்னும் குழப்பமான ஆள். இடதுசாரி, கம்யூனிஸ்ட் கட்சியோட தொடர்புள்ளவர், ஆனா ராணுவ அரசுக்கு ரெண்டு கப் கொண்டு வந்தவர். 1980 ஆகஸ்ட்ல, காணாமல் ஆக்கப்பட்டவங்க பட்டியலை வெளியிடச் சொல்லி நாளிதழ்ல வந்த விண்ணப்பத்துல போர்ஹெஸ் போன்ற எழுத்தாளர்களோட அவர் கையெழுத்தும் இருந்தது. தாமதம்தான். ஆனா ராணுவம் ஆட்சியில இருக்கும்போதே போட்ட கையெழுத்து.

கம்யூனிஸ்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஃபைனல்ல தோத்த சோவியத் யூனியன், 'கம்யூனிசத்தை ஒழிக்கிறோம்'னு கொலை செஞ்ச இதே அரசுகிட்ட தானியம் வாங்கின நாடு. ஐ.நா. மனித உரிமை ஆணையத்துல அர்ஜென்டினாவுக்குக் கண்டனம் வராம பார்த்துக்கிட்டதுலயும் அதுக்குப் பங்கு உண்டு.

திரை எவ்வளவு வேலை செஞ்சது? வரிசை கலையலை. ரெண்டு வாரத்துல ஆணையம் 5,580 புகார்களை வாங்கினது. அதே செப்டம்பர்ல அரசு ஒரு சட்டம் போட்டது: காணாமல் ஆக்கப்பட்டவங்களை இறந்ததா அறிவிக்க வழி செய்யும் சட்டம். டிசம்பர்ல பத்திரிகையாளர் கேட்டதுக்கு, காணாமல் போனவர் உயிரோடவும் இல்ல, செத்தும் இல்ல, அவருக்கு இருப்பே இல்லைன்னு வீடெலா விளக்கம் கொடுத்தார். 1980 ஏப்ரல்ல ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. கொலைகள், சித்திரவதை, ரகசிய முகாம்கள்னு எல்லாம் அதுல இருந்தது. 1985-ல ராணுவத் தலைவர்கள் மேல நடந்த வழக்கில வீடெலாவுக்கு ஆயுள் தண்டனை. நடுவுல மன்னிப்பு வாங்கி வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், 2013-ல சிறையிலேயே செத்தார்.

மரடோனா 2020 நவம்பர் 25-ல இறந்தார். மறுநாள் உடலை வச்சது அதே அரசு மாளிகையில, மாயோ சதுக்கத்தைப் பார்த்தபடி. அஞ்சலி செலுத்த வந்த அதிபர் அல்பெர்தோ ஃபெர்னாண்டெஸ், மரடோனாவின் முதல் கிளப்பான அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் ஜெர்சியைப் பெட்டி மேல வச்சார். கூடவே அந்த அம்மாக்களும் பாட்டிகளும் தலையில கட்டுற வெள்ளைத் துணியையும் வச்சார்.